ஜான் பன்யனும் அவர் படைத்த மாந்தரும்

இங்கிலாந்து நாட்டுப் பெட்ஃபோர்டு நகரச் சபையின் ஆயராயிருந்த ஜான் பன்யன், 1678ஆம் ஆண்டில் ஒரு நூலையும் 1680ஆம் ஆண்டில் மற்றொரு நூலையும் வெளியிட்டார். முன்னது நம் தமிழ்ச் சபைகளில் 'மோட்ச பிரயாணம்' என்று வழங்கும் நூல். பின்னதை, 'திருவாளர் தீயோனின் வாழ்வும் மரணமும்' என்று நாம் பெயர்த்துக் கூறலாம். மோட்சத்துக்குச் செல்பவனைக் குறித்து எழுதிவிட்டபடியால், இனி நரகத்துக்குச் செல்பவனைக் குறித்து எழுதத் துணிந்ததாக அவரே இரண்டாம் நூலின் முன்னுரையில் தெரிவிக்கிறார். ஆகவே இவ்விரண்டும் இணை நூல்கள் என எண்ணப்பட்டவை. எழுதிய கரம் ஒன்றே, இறையியலும் ஒன்றே, இடைப்பட்ட காலமோ ஈராண்டு. எனினும் முதல் நூல் ஆசிரியர் உயிரோடிருந்த நாட்களிலேயே பத்துக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. பின்னர் உலகின் பல மொழிகளுக்கும் சென்றது. இரண்டாம் நூலைப் பன்யனை ஆராய்வோரன்றிப் பிறர் எடுத்துப் படிப்பது அரிது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? நல்லவனின் கதை இனிக்கும், தீயவனின் கதை கசக்கும் என்று சொல்வதற்கில்லை. தீயவர்களைக் குறித்த கதைகளை மக்கள் எவ்வளவு விரும்பிக் கேட்கிறார்கள் என்பதை ஆயர்கள் அறிவார்கள். காரணத்தை மாந்தரைப் படைத்த முறையிலேதான் தேடவேண்டும் என்பது எனது கருத்து. பிரசங்க பீடத்திலிருந்து ஏதேனும் ஒரு மனிதனைக் குறித்துக் கதை சொல்லும் கடமை நம்மில் எவருக்கும் வாரந்தோறும் நேரிடுவதால், இவ்விரு நூல்களின் வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குதல் தகும்.

பெயரே ஆளாய் நின்ற மரபு

பன்யன் கையாண்ட முறை அவரே கண்டுபிடித்ததன்று. குணங்களுக்கு மனித உருக் கொடுத்து நடமாடவிடும் வழக்கம் திருச்சபையில் மிகப் பழமையானது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீன் கவிஞர் புருடென்ஷியஸ் பாடிய 'ஆன்மப் போர்' என்னும் காவியத்தில் விசுவாசமும் விக்கிரக ஆராதனையும், கற்பும் காமமும், பொறுமையும் கோபமும் போர்க்களத்தில் எதிரெதிர் நிற்கின்றன. பொறுமையை வெல்ல இயலாத கோபம் தன் ஆயுதத்தாலேயே தன்னை மாய்த்துக்கொள்கிறது. கருத்து அழகியதே. ஆயினும், கோபம் வேறு என்னதான் செய்யக்கூடும்? அதற்குக் கோபப்படுதலன்றி வேறு தொழிலில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த 'எவரிமேன்' என்னும் ஆங்கில நாடகம் ஒரு படி முன்னேறியது. மரணம் வந்து அழைக்கும்போது நட்பும் உறவும் பொருளும் கைவிட, நற்செயல் மட்டுமே கல்லறைவரை கூடச் செல்கிறது. (நற்செயலுக்கு அளிக்கப்பட்ட இச்சிறப்பைக் குறித்து நம் சீர்திருத்த முன்னோர் சொல்லியிருக்கக்கூடியது வேறு, அது இங்கே வேண்டா.) சாகப்போகிற மனிதன் ஒருவனின் திகைப்பு அந்நாடகத்தில் உண்டு, அவனைச் சூழ்ந்து நிற்பவை இன்னும் பெயர்களே.

இதற்குப் புறம்பே மற்றொரு மரபும் இருந்தது. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கஞ்சன், வாயாடி, முகஸ்துதிக்காரன் முதலிய மனித வகைகளைச் சிறு சித்திரங்களாக எழுதிவைத்தார். 1592ஆம் ஆண்டில் ஐசக் கசோபன் அந்நூலைப் பதிப்பித்தபின் ஐரோப்பாவில் அதற்குப் புதுவாழ்வு உண்டாயிற்று. 1608ஆம் ஆண்டில் ஜோசப் ஹால் என்னும் ஆங்கிலக் குருவானவர் நற்குணத்தாரையும் தீக்குணத்தாரையும் அம்முறையில் சித்திரித்து ஒரு நூல் எழுதினார். இவர் பின்னாளில் பேராயரானவர். கூர்மையான நூல்தான். எனினும் அதில் வரும் மாய்மாலக்காரன் முதல் வரியிலும் மாய்மாலக்காரன், இறுதி வரியிலும் மாய்மாலக்காரன். அவனுக்கு நேற்று என்பதும் இல்லை, நாளை என்பதும் இல்லை.

பன்யன் இவற்றில் எதை வாசித்தார் என்று ஆராயவேண்டிய அவசியமில்லை. அவர் வாசித்த ஒரு நூலை அவரே சொல்கிறார். அவருடைய முதல் மனைவி மிக ஏழை. அவள் தன் தகப்பன் விட்டுச்சென்றவையாகக் கொண்டுவந்தவை இரண்டு புத்தகங்கள். அவற்றுள் ஒன்று ஆர்தர் டென்ட் என்னும் குருவானவர் 1601ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எளிய மனிதன் பரலோகம் செல்லும் பாதை'. அதில் நால்வர் உரையாடுகின்றனர்: ஒருவர் இறையியலார், ஒருவர் நல்லவர், ஒருவன் அறியாதவன், ஒருவன் குதர்க்கம் பேசுபவன். இறையியலார் போதிக்கிறார், மற்றவர்கள் கேள்வி கேட்பதற்காகவே அமர்ந்திருக்கிறார்கள். இந்நூலை நாம் மீண்டும் நினைவுகூர நேரிடும்.

தன்னைத்தானே எழுதியவர்

பன்யன் 1628ஆம் ஆண்டில் பெட்ஃபோர்டுக்கு அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் ஊர் ஊராகச் சென்று பாத்திரங்களைப் பழுதுபார்ப்பவர். மகனும் அத்தொழிலையே கற்றார். 1644ஆம் ஆண்டு அவர் வாழ்வில் கொடிய ஆண்டு. ஜூன் மாதத்தில் தாய் மரித்தாள். ஜூலையில் தங்கை மரித்தாள். ஆகஸ்டில் தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் பதினாறு வயதுப் பையனாகப் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே மனிதரைப் படைக்கும் வித்தையை எங்கே கற்றார் என்னும் வினா எழுகிறது. 1666ஆம் ஆண்டில் சிறையிலிருந்தபோது அவர் வெளியிட்ட 'பெருகின கிருபை' என்னும் தன்வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

இத்தகைய தன்வரலாறுகள் அந்நாளைய பியூரிட்டானியரிடையே ஏராளம். குருவானவரிடம் தனியே பாவ அறிக்கை செய்யும் வழக்கம் நின்றுபோன பின்னர், அதன் இடத்தை நாட்குறிப்பேடு பிடித்துக்கொண்டது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். மேலும், சுயாதீனச் சபைகளில் அங்கத்தினராகச் சேர விரும்புவோர் தங்களிடத்தில் தேவன் செய்த கிரியையைச் சபையார்முன் எடுத்துரைக்கவேண்டும். இதனால் எளிய தொழிலாளரும்கூடத் தம் உள்ளத்தின் போக்கை நாள்தோறும் கவனித்து, அதைப் பிறர் அறியும்படி சொல்லும் பயிற்சி பெற்றனர். வேறெந்தப் பள்ளியும் அக்காலத்தில் ஏழைகளுக்கு இப்பயிற்சியை அளிக்கவில்லை.

'பெருகின கிருபை'யில் பன்யன் தம்மைக் காட்டும் விதத்தைக் கவனியுங்கள். ஓய்வுநாளில் புல்வெளியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, பாவத்தைவிட்டுப் பரலோகம் போகிறாயா என்று உள்ளத்தில் ஒரு குரல் கேட்கிறது. அவர் திடுக்கிட்டு நிற்கிறார். பின்பு, எப்படியும் கெட்டுப்போனவன்தானே என்று முடிவுசெய்து மீண்டும் ஆட்டத்தைத் தொடர்கிறார். மனந்திரும்புதலை எதிர்பார்க்கும் வாசகனுக்கு இது பெரும் ஏமாற்றம், உண்மையோ இதுவே. மற்றொரு நாள், தமக்கு விசுவாசம் உண்டா என்று அறியும்பொருட்டு, எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட சாலையிலே தேங்கிக் கிடந்த நீரை வற்றிப்போகும்படி கட்டளையிட எண்ணுகிறார். முதலில் வேலியோரம் சென்று ஜெபித்துவிட்டு வருவோம் என்று தோன்றுகிறது. ஜெபித்தபின் நீர் வற்றாவிட்டால் என் கதி என்ன என்று மற்றொரு அச்சம் எழுகிறது. சோதனையைப் பிறிதொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிடுகிறார்! இதைப் படித்துப் புன்னகை செய்யாதவர் இரார். தம்மையே அங்குக் காணாதவரும் இரார்.

இதைவிடக் கொடியது பின்னர் வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஏறக்குறைய ஓர் ஆண்டளவும் அவரை விடாமல் துரத்திற்று. உண்ணும்போதும் வேலை செய்யும்போதும் அதை எதிர்த்துப் போராடினார். ஒருநாட்காலை, சோர்ந்துபோன நிலையில், அவர் விரும்பினால் போகட்டும் என்று உள்ளம் இணங்கிவிட்டதாக உணர்ந்தார். அதன்பின் ஏசாவின் கதை அவரை வாட்டியது. கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணாத ஏசாவை எபிரெயர் நிருபத்தில் வாசிக்குந்தோறும் தம் பெயரே அங்கு எழுதியிருப்பதாக எண்ணினார். நாயையும் தேரையையும் கண்டு, ஆத்துமா இல்லாத அவற்றின் நிலை மேலானது என்று பொறாமைப்பட்டார். ஒரு வசனம் தேற்றும்; மறுவசனம் வீழ்த்தும். இப்படிப் பல மாதங்கள் சென்றன. இந்நிலையிலிருந்த மனிதரிடம், நீர் விசுவாசியா அவிசுவாசியா என்று கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பார்? ஒரே மனிதனுக்குள் இருவர் வழக்காடுவதைப் பன்யன் தம்முடைய எலும்பிலே அறிந்திருந்தார். கதைமாந்தரைப் படைக்கத் தொடங்குமுன் அவர் பெற்ற மூலதனம் இது.

வழிதவறும் தலைவன்

1660ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காகக் கைதுசெய்யப்பட்டு, 1672ஆம் ஆண்டுவரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் இரண்டாம் மனைவி எலிசபெத்தும், முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். மூத்த மகள் பார்வையற்றவள். கணவர் கைதான அதிர்ச்சியில் எலிசபெத்துக்குக் குறைப்பிரசவம் உண்டாகிக் குழந்தை இறந்தது. எனினும் 1661ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவள் நீதிபதிகள்முன் சென்று கணவருக்காக வாதாடினாள். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கத்தோடு கேட்டார், விடுதலை கிடைக்கவில்லை. சிறைக்குள்ளிருந்து வார்க்கயிறுகளை முனைகட்டி விற்றுப் பன்யன் குடும்பத்தைத் தாங்கினார். குடும்பத்தைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போன்றது என்றும், பார்வையற்ற மகளின் நினைவே எல்லாவற்றிலும் கொடிது என்றும் எழுதியிருக்கிறார்.

இப்போது 'மோட்ச பிரயாண'த்தின் தொடக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். முதுகில் சுமையோடு ஓடும் கிறிஸ்தியானைப் பார்த்து மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரும்படி கதறுகிறார்கள். அவனோ காதுகளில் விரல்களை வைத்துக்கொண்டு ஓடுகிறான். இக்காட்சியைக் கல்நெஞ்சனின் செயல் என்று கண்டித்தோர் உண்டு. ஆனால் காதை அடைத்துக்கொள்ளவேண்டியவன் யார்? கேட்டால் திரும்பிவிடக்கூடியவனே அடைத்துக்கொள்வான். இந்நூல் சிறையிலேயே எழுதத் தொடங்கப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. அக்கதறலை அவர் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைவிற்கொண்டு வாசித்தால், அவ்விரண்டு விரல்கள் பெரியதொரு மன வரலாற்றைச் சொல்லும்.

கிறிஸ்தியான் எனும் பெயரைத் தாங்கியவன் தவறு செய்கிறான் என்பதையும் நோக்கவேண்டும். கரடுமுரடான வழியைவிட்டு, வேலிக்கு அப்பாலுள்ள புல்வெளிப் பாதை எளிதாயிருக்கிறது என்று சொல்லித் தன் தோழனையும் கூட்டிச்செல்பவன் அவனே. விளைவாக இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனுடைய சந்தேகக் கோட்டையில் அகப்படுகிறார்கள். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவுவரை உணவும் ஒளியும் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்று அரக்கன் ஆலோசனை கூறுகிறான். கிறிஸ்தியான் அதற்கு ஏறக்குறைய இணங்கிவிடுகிறான். அவ்வேளையில் அவனைத் தடுத்துத் தேற்றுபவன் அவனைவிடப் பின்னால் புறப்பட்ட இளைய தோழன். அரக்கனுங்கூட வெறும் பூதமாக நிற்கவில்லை. இரவில் படுக்கையில் மனைவியோடு கலந்தாலோசிக்கிறான். வெயில் காய்ந்தால் அவனுக்கு வலிப்பு வருகிறது. கொடியவனுக்கும் ஒரு வீடு உண்டு, ஒரு பலவீனம் உண்டு.

வழியில் எதிர்ப்படும் மற்றவர்களும் இத்தகையோரே. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், பன்யனின் மாந்தரை அயலார் பட்டப்பெயர் சூட்டிய மெய்யான மனிதர்களாகவே நாம் பின்தொடர்கிறோம் என்று குறிப்பிட்டார். நம் கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஊரார் வைத்த பட்டப்பெயர் ஒருவனுடைய ஒரு குணத்தை மட்டும் சொல்லும். அவனோ அப்பெயரைவிடப் பெரியவன். சுயலாபக்காரன் என்று நாம் அழைக்கத்தக்க ஒருவன், அது என் பெயரன்று, என்னைப் பிடிக்காதவர்கள் வைத்த பட்டம் என்றே வழியில் முறையிடுகிறான்! அவன் அடாவடிக்காரன் அல்லன். நல்ல குடும்பத்தவன், இனிமையாகப் பேசுபவன். சமயம் மதிக்கப்படும் நாளில் சமயத்தோடு நடப்பதில் என்ன பிழை என்று உண்மையாகவே நம்புகிறான். உலக ஞானியோ முதற்பதிப்பில் இல்லை. இரண்டாம் பதிப்பிலேதான் வந்து சேர்ந்தான். சுமையால் வருந்தும் ஒருவனைக் கண்டு, உன் போன்றவர்கள் சக்திக்கு மிஞ்சிய நூலைப் படித்து இப்படி ஆகிவிடுகிறீர்கள் என்று பரிவோடு சொல்லும் அப்பெரிய மனிதரை நம் சபைகளின் கமிட்டிகளில் நாம் சந்தித்திருக்கிறோம். அவர் சொல்வது முழுப் பொய்யாயிருந்தால் கிறிஸ்தியான் ஏமாந்திருக்கமாட்டான்.

நம் மொழியில் இக்கதை அடைந்த வரலாற்றைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். 1882ஆம் ஆண்டில் சாமுவேல் பவுல் ஐயர் இதைத் தமிழ் உரைநடையில் தந்தார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியமாக மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களில் இதைப் பாடினார். அது 1894ஆம் ஆண்டில் நூலாயிற்று. 1858ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற அப்பெரும்புலவர் கம்பனில் தோய்ந்தவர். அவர்முன் ஒரு சங்கடம் இருந்தது. பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். பன்யனின் கிறிஸ்தியானோ தன்னிகரற்றவன் அல்லன். ஒவ்வொரு பாவியும் அவனுக்கு நிகரே. சேற்றில் விழுபவன், உறங்கித் தன் சுருளை இழப்பவன், பிறனை வழிதவறச் செய்பவன். கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடும் பகுதியைக் காப்பியத்தினுள் அமைத்தார். தமிழ்ச் செய்யுள் மரபு தேடிய தலைவனை அங்கேதான் காண்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அழகில் அது ஈடற்றது. ஆயினும் தட்டித் தடுமாறும் வழிப்போக்கனை அறிய விரும்பும் மாணவர், சாமுவேல் பவுலின் உரைநடையையும் அருகில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

தீயோனின் கதை

1680ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். ஞானவான் என்பவரும் கவனிப்பவர் என்பவரும் ஒரு காலை வேளையில் சந்திக்கிறார்கள். தீயோன் மரித்துவிட்டான் என்று ஞானவான் வருத்தத்தோடு சொல்ல, அவன் வரலாற்றைக் கூறும்படி மற்றவர் கேட்கிறார். இங்கே ஆர்தர் டென்டின் உரையாடல் முறை திரும்பி வந்துவிட்டதை வாசகர் உணரலாம். கதை தொடங்கும்போதே தீயோன் பிரேதமாகிவிட்டான். தன் சார்பில் ஒரு சொல் சொல்ல அவனுக்கு வாயில்லை. சிறுவயதிலேயே பொய், திருட்டு, ஓய்வுநாளை வெறுத்தல், நல்ல எஜமானிடம் வேலை கற்கவிட்டும் திருந்தாமை, குடி, கள்ள நிறை, கள்ள அளவு, கடன்காரரை ஏமாற்ற வேண்டுமென்றே நொடித்துப்போதல். ஒவ்வொரு பாவத்தையும் ஞானவான் எடுத்துக்கூறி, அதற்குரிய வசனத்தையும், அப்படிச் செய்த வேறு சிலருக்கு நேர்ந்த தண்டனையையும் கூறுகிறார். கவனிப்பவர் கவனிக்கிறார்.

இதில் எதுவும் பொய்யன்று. வணிகத்தில் நடக்கும் அநீதியைக் குறித்துப் பன்யன் எழுதிய பகுதிகள் இன்றைக்கும் பிரசங்கிக்கத்தக்கவை. ஆயினும் தீயோன் ஏன் அப்படியானான் என்று ஒரு முறையேனும் நாம் திகைப்பதில்லை. 'பெருகின கிருபை'யில் விளையாட்டுத் திடலில் நின்ற வாலிபனும் சத்தியம் செய்து, பொய் பேசி, ஓய்வுநாளை மீறியவனே. அங்கே அவன் ஒரு நொடி நின்று வானத்தைப் பார்த்தான். தீயோனுக்கு அந்த ஒரு நொடி கொடுக்கப்படவில்லை. குடித்துவிட்டுக் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோதும், கடும் நோயில் கிடந்து மனந்திரும்பியவன்போல் பேசியபோதும் கதை திறக்கும்போல் தோன்றுகிறது. உடனே ஞானவான் அதை அச்சத்தால் வந்தது என்று தீர்ப்பிட்டு மூடிவிடுகிறார்.

நூலில் ஓரிடம் என்னை எப்போதும் நிறுத்திவைக்கிறது. பக்தனைப்போல் நடித்து, பணத்துக்காக ஒரு பக்தியுள்ள பெண்ணைத் தீயோன் மணந்துகொண்டான். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒன்று தாயைப்போன்றது, சில தகப்பனைப்போன்றவை, மற்றவையோ தகப்பனளவு கெட்டவையுமல்ல, தாயளவு நல்லவையுமல்ல. நம் வழக்கில் இரண்டுங்கெட்டான் என்போமே, அப்படிப்பட்ட பிள்ளைகள். அவ்வீட்டில் வளர்ந்த அவர்களுடைய உள்ளத்தில் என்னென்ன நடந்திருக்கும்! பன்யன் சில வரிகளில் அவர்களைச் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார். அந்நூலில் எழுதப்படாமற்போன கதை அவர்களுடையதே. 1719ஆம் ஆண்டில் டானியல் டீஃபோ 'ராபின்சன் குரூசோ'வை எழுதியபோது, தகப்பன் சொல்லை மீறியவனும், புயலில் பொருத்தனை பண்ணிக் கரையேறியதும் மறந்துவிடுபவனுமாகிய ஒருவனை, அவன் வாயாலேயே பேசவைத்தார். பியூரிட்டானியரின் நாட்குறிப்பேடு அவ்வாறே நாவலாக வளர்ந்தது.

எனினும் நூலின் முடிவில் பன்யனின் உண்மை வெளிப்படுகிறது. தீயவனுக்குப் பயங்கரமான மரணம் வரவேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பர். தீயோனோ ஆட்டுக்குட்டியைப்போல அமைதியாக மரிக்கிறான். அமைதியான சாவு நல்ல நிலைக்கு அடையாளமன்று என்று ஞானவான் விளக்குகிறார். விளக்கம் எதுவாயினும், மரணப் படுக்கைகள் பலவற்றின் அருகே நின்ற ஓர் ஆயரின் கண் கண்டதை அது மறைக்கவில்லை.

அருளுரைக் கலை கற்பிப்பவன் என்னும் முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். மாணவர்கள் எழுதிக்கொண்டுவரும் பிரசங்கங்களில் ஒரு குடிகாரன் வருவான், ஒரு பணக்காரன் வருவான், ஓர் ஊதாரி மகன் வருவான். இவர்கள் அனைவரும் தீயோனின் உறவினர். பிரசங்கி வாய் திறக்குமுன்னே இவர்கள் இறந்துபோனவர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சபையில் உண்மையாகவே குடிக்கிறவன் ஒருவன் அமர்ந்திருந்தால், இக்கதையைக் கேட்டு, இவன் நானல்லன் என்று எளிதாக விலகிக்கொள்வான். சம்பளநாளன்று வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போக முயன்று மூன்று முறை வென்று நான்காம் முறை தோற்ற ஒருவனைப்பற்றிச் சொன்னால், அவன் விலகமுடியாது. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் மூத்த குமாரன் உள்ளே வந்தானா இல்லையா என்று ஆண்டவர் சொல்லவில்லை; வாசலில் நிற்கும்போதே கதை நின்றுவிடுகிறது.

அறிவீனனும் அஞ்சியவரும்

என் கருத்துக்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கலாகாது. 'மோட்ச பிரயாண'த்தின் முதற்பாகத்திலும் முன்கூட்டியே தீர்ப்புப் பெற்ற ஒருவன் இருக்கிறான். அறிவீனன் என்னும் அவ்வாலிபன் உற்சாகமானவன். குறுக்குச் சந்து வழியாக வந்து சேர்ந்தவன். தன் நல்ல உள்ளத்தை நம்பி நடக்கிறான். கிறிஸ்தியானும் தோழனும் அவனோடு நடத்தும் உரையாடல் இறையியலில் சரியானது, பண்பில் கடினமானது. இறுதியில் ஆற்றையும் கடந்து பட்டணத்து வாசல்வரை வந்துவிடுகிறான். சான்றுச் சுருள் இல்லாததால் கைகால் கட்டப்பட்டு மலைப்பக்கத்து வாசல் வழியே தள்ளப்படுகிறான். கிறிஸ்தியானின் மகிமைப் பிரவேசத்துக்கு அடுத்து, ஏறக்குறைய நூலின் கடைசிக் காட்சியாக இதைப் பன்யன் வைத்தார். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்னும் கோட்பாட்டுக்கு இது அவசியம் என்று வாதிடலாம். ஆயினும் வாசகர் பலர் அவ்வாலிபனுக்காக வருந்துகிறார்கள். அப்படி வருந்தும்படி அவனை உயிரோடு படைத்தவரும் பன்யனே. தீயோனுக்காக எவரும் வருந்துவதில்லை.

1684ஆம் ஆண்டில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. காதில் விரலிட்டு ஓடியவனின் மனைவியும் பிள்ளைகளும் இதில் பயணம் புறப்படுகிறார்கள். ஆறாண்டுகள் கழித்து அவர்களுக்காகத் திரும்பி வந்தார் ஆசிரியர். இப்போது அவர் ஐம்பத்தைந்து வயது கடந்த ஆயர். பலவீனர் பலரைச் சபையில் நடத்திப் பழகியவர். ஆகவே இப்பாகத்தில் ஊன்றுகோலுடையோரும் மனச்சோர்வுடையோரும் கூட்டமாக நடக்கிறார்கள். சந்தேகக் கோட்டை இடிக்கப்பட்டபோது, ஊன்றுகோல்காரர் ஒரு கையில் கோலைப் பிடித்துக்கொண்டே நடனமாடுகிறார். பெண்களின் பகுதியும் மெய்யானது. இரக்கம் என்னும் கன்னிகையை ஒரு நாகரிக வாலிபன் நாடி வருகிறான். அவள் ஓயாமல் தைக்கும் ஆடைகள் விற்பனைக்கல்ல, ஏழைகளுக்கு என்று அறிந்ததும் வருகையை நிறுத்திக்கொள்கிறான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இக்கதையில் இருவர் குடும்ப வாழ்வும் தெரிந்துவிடுகிறது.

இவர்கள் எல்லாரினும் மேலானவராக நான் கருதுவது, அஞ்சியவர் என்னும் ஒருவரை. அவர் நேரில் வருவதில்லை. அவரை நடத்திச்சென்ற வழிகாட்டி ஒரு முதியவரிடம் அவரைப் பற்றிச் சொல்கிறார். தீயோனின் கதையும் இருவர் உரையாடலாகவே சொல்லப்பட்டது என்பதை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். முறை ஒன்றே, விளைவு வேறு. உளையான சேற்றின் கரையில் அஞ்சியவர் ஒரு மாதத்துக்குமேல் கிடந்தார். கடக்கவும் துணியார், திரும்பவும் மாட்டார். ஒருநாள் எப்படியோ கடந்துவிட்டார். கடந்ததைத் தாமே நம்பவில்லை. வாசலருகே வந்து தட்டத் துணிவில்லாமல், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இடம்விட்டு ஒதுங்கி நின்றார். ஆனால் கடினமலையில் அவர் தயங்கவில்லை, சிங்கங்களுக்கு அஞ்சவில்லை. தாழ்மையின் பள்ளத்தாக்கிலோ அவரைப்போல் மகிழ்ந்தவர் எவருமில்லை. தரையில் படுத்துப் பூக்களை முத்தமிட்டார். மாயாபுரிச் சந்தையில் எல்லாரோடும் சண்டைக்கு நின்றுவிடுவாரோ என்று வழிகாட்டியே கவலைப்பட்டார். துன்பத்தையும் மனிதரையும் குறித்து அவருக்கு அச்சமில்லை. முடிவில் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பதே அவர் அச்சம்.

ஒரு பெயருக்குள் இத்தனை முரண்பாடுகளை அடக்கியது எப்படி? சாலையோரத்தில் தேங்கிய நீரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வாலிபனை நினைத்துக்கொண்டால் விடை கிடைக்கும். ஒரு மாதத்துக்குமேல் சேற்றங்கரையில் கிடந்த அம்மனிதரை வழிகாட்டி ஓரிடத்திலும் ஏளனம் செய்யவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தொல்லை கொடுத்தார் என்பதை மறைக்காமலும், அவரை நேசித்ததை மறைக்காமலும் பேசுகிறார்.

மரண நிழலின் பள்ளத்தாக்கில் அஞ்சியவர் செத்துப்போவார் என்றே வழிகாட்டி எண்ணினாராம். அப்பள்ளத்தாக்கோ அவர் கடந்த நாளில் என்றுமில்லாதபடி அமைதியாயிருந்தது. ஆற்றங்கரைக்கு வந்தபோது, இதோ மூழ்கப்போகிறேன் என்று மீண்டும் கலங்கினார். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் மிகக் குறைந்திருந்தது. பாதங்கள் நனையும் அளவுக்குச் சற்று மேலாக மட்டுமே ஓடிற்று. அவர் நடந்தே அக்கரை சேர்ந்தார்.